ராம் கூட்டியும் கூடவில்லையே!

கேள்வி: என் கணினியில் 4 ஜிபி ராம் இருந்தது. பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே திணறியதால் இன்னொரு 4 ஜிபி வாங்கிப் போட்டேன். மொத்தம் 8 என்று காட்டினாலும், பக்கத்திலேயே 3.4 ஜிபி மட்டும்தான் பயன்படும் என்கிறது. போலி ராமை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், ராம் நல்ல ராம்தான்! 8 என்று காட்டுகிறதே, அதுவே சாட்சி. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தைத் திறந்து சிஸ்டம் டைப் என்ற வரியைப் பாருங்கள், அநேகமாக 32 பிட் என்றுதான் இருக்கும். ராமில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் முகவரி உண்டு, 32 பிட் விண்டோஸால் 4 ஜிபி வரைதான் முகவரி போட முடியும், அந்த முகவரிகளிலும் கிராபிக்ஸ் கார்டு போன்றவை ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் உங்கள் 3.4. இனி 16 ஜிபி வாங்கிச் செருகினாலும் அதே கதைதான்.

அதே வரியில் பிராசஸர் எக்ஸ்64 வகை என்று இருந்தால் கவலையில்லை, 64 பிட் விண்டோஸ் போட்டுவிடலாம். ஆனால் இருப்பதன் மேலேயே அப்டேட் செய்து மாற முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அதனால் போட்டோ, ஃபைல் எல்லாவற்றையும் முதலில் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள் (எடுத்ததைத் திறந்தும் பாருங்கள், அவசரத்தில் காலி ஃபோல்டரை காப்பி செய்துவிட்டு முழித்தவன் நான்).

ஒருவேளை ஏற்கெனவே 64 பிட்தான் என்றால், எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியைத் திறந்து பூட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் மெமரிக்கு டிக் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி இருபக்க கிளிப்பும் 'டிக்' என்று விழும்வரை அழுத்திப் போடுங்கள்.

கேள்வி: பழைய ராமோடு வேகம் கூடுதலான புது ராமைச் சேர்த்துப் போடலாமா?

பதில்: ஒரே தலைமுறை (டிடிஆர்3, டிடிஆர்4 என்பவை ராமின் தலைமுறைகள்) என்றால் பெரும்பாலும் ஓடும், ஆனால் இரண்டுமே மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும். 2400-ம் 3200-ம் சேர்ந்தால் 2400தான், கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த காசு வீண். டிடிஆர்3 போர்டில் டிடிஆர்4 நுழையவே நுழையாது, ராமின் அடிவிளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு, மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 1.2. அழுத்திப் பார்க்கிறேன் என்று ஸ்லாட்டை உடைத்துவிடாதீர்கள். வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் வேகமும் காலி ஸ்லாட்டும் தெரியும். அங்கேயே, வழக்கமான வேலை நடக்கும்போது ராம் பாதிகூட நிரம்பவில்லை என்றால் ராமை விடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் பெரும்பாலும் அதுதான் இழுக்கிறது, அந்தக் காசில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள்.