சாக்லேட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

மே மாதம். பள்ளிக்கூடம் கிடையாது, வெளியே கால் வைக்க முடியாத வெயில், வீட்டில் பிள்ளைகள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாக்லேட்டைப் பற்றித்தான். ஓவன் வேண்டாம், அடுப்படியில் வேகவும் வேண்டாம், கடைச் சாக்லேட்டை விட உடம்புக்கு நல்லதாக எதையாவது வீட்டிலேயே செய்து கொடுக்கலாமா, அதற்கு எதை வாங்குவது? கேட்டவர்கள் எல்லோரும் நம் மும்பைக்காரர்கள்.

கேள்வி: கிராஃபர்ட் மார்க்கெட்டில் அரைக் கிலோ டார்க் சாக்லேட் கட்டி வாங்கினேன். பக்கத்திலேயே அதே அளவுக் கட்டி இன்னொன்று இரண்டு மடங்குக்கும் மேல் விலையில் இருந்தது. "ரெண்டும் ஒண்ணுதான் பாபி" என்றார் கடைக்காரர். உருக்கி, வேர்க்கடலையும் ஓட்ஸும் கலந்து வைத்தேன். கெட்டியாக நின்றது, ஆனால் சாப்பிட்டால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? (செம்பூர் வாசகி)

பதில்: பாக்கெட் இன்னும் குப்பைக்குப் போகவில்லை என்றால் எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் 'டார்க்' என்பதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'காம்பவுண்ட்' என்று இருக்கும். அப்படி இருந்தால் கம்பெனி உங்களை ஏமாற்றவில்லை, உள்ளதைச் சொல்லித்தான் விற்றிருக்கிறது. இரண்டும் ஒன்று என்று சொன்ன கடைக்காரர்தான் பொய் சொன்னார்.

சாக்லேட் என்றால் அதிலுள்ள கொழுப்பு கோகோ பட்டராக, அதாவது கோகோ விதையின் சொந்தக் கொழுப்பாக, இருக்க வேண்டும். வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தால் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. காம்பவுண்டில் கோகோ பட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பாமாயில் வகை, உட்கார்ந்திருக்கும். கோகோ பட்டர் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும், நம் வாயின் சூடு அதைவிட அதிகம், அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் பட்டதும் கரைந்து போகிறது. காம்பவுண்டின் கொழுப்பு அவ்வளவு சுலபத்தில் உருகாது. நீங்கள் சொன்ன அந்த மெழுகு அதுதான். பாக்கெட் இல்லாமல் வெட்டி விற்கும் கட்டியைக் கண்டுபிடிக்கவும் இதே சோதனை போதும்: நகக்கண் அளவு துண்டை நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருங்கள்.

பின்பக்கத்தில் பொருள்களின் பெயர் எடை வரிசையில்தான் வரும், அதிகமாக இருப்பது முதலில். காம்பவுண்டில் முதலில் சர்க்கரை, இரண்டாவது தாவரக் கொழுப்பு, கோகோ மூன்றாவது. நல்ல டார்க்கில் கோகோ முதலில் வரும். '70 சதவீதம்' என்று போட்டிருந்தால் கோகோவும் கோகோ பட்டரும் சேர்ந்து 70, மிச்சம் பெரும்பாலும் சர்க்கரை. ஆக 100 கிராமில் 30 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை இருக்கும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

காம்பவுண்ட் விஷம் ஒன்றும் இல்லை. 2022 ஜனவரியிலிருந்து உணவுப் பொருளின் கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு (ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாவது, இதயத்துக்குக் கெடுதல்) 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது, அந்தப் பழைய பயம் இப்போது அவ்வளவு இல்லை. ஆனால் 'உடம்புக்கு நல்லதாக' என்று ஆரம்பித்து, சர்க்கரையும் கெட்டிக் கொழுப்பும் முக்கால்வாசியான ஒன்றில் ஓட்ஸைத் தூவுவதில் என்ன லாபம்? விலை வித்தியாசத்துக்கும் காரணம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் படுத்ததால் 2024-ல் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிப் போனது. அந்த நேரத்தில் பல பொருள்களில் சாக்லேட்டின் இடத்தைக் காம்பவுண்ட் பிடித்துக்கொண்டது.

என் யோசனை: கட்டியே வேண்டாம். சர்க்கரை போடாத கோகோ பவுடர் ஒரு டப்பா வாங்குங்கள். எப்படிச் செய்வது என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. வெள்ளைச் சர்க்கரை இல்லாமல் பேரீச்சம்பழம், கருப்பட்டி, தேன் இதில் ஏதாவது ஒன்றைப் போட்டுச் சாக்லேட் உருண்டை செய்தால் அவரும் சாப்பிடலாமா? "இது ஹெல்தி" என்று நான் சொன்ன நாளிலிருந்து அவர் ஒரு தடவைக்கு நாலு எடுக்கிறார். (மாட்டுங்கா வாசகி)

பதில்: அந்த வார்த்தையை முதலில் வாபஸ் வாங்குங்கள்!

தேனில் 100 கிராமுக்கு 80 கிராம் சர்க்கரை. வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான், நிறமும் வாசனையும் கொஞ்சம் தாது உப்பும் கூடுதல். பேரீச்சம்பழத்திலும் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. ஆனால் பேரீச்சையில் நார்ச்சத்து இருக்கிறது, ஈரம் இருக்கிறது, முக்கியமாக ஒட்டுகிற குணம் இருக்கிறது. பாகு காய்ச்ச வேண்டாம், நெய் ஊற்ற வேண்டாம், அதுவே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். நான் பேரீச்சையைத் தேர்ந்தெடுப்பது அதற்காகத்தான்.

மாலாடு பிடிக்கத் தெரிந்த கைக்கு இது ஒன்றுமே இல்லை. கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. வேர்க்கடலையை முதலில் தனியாக, விட்டு விட்டு இரண்டு சுற்று. ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் விட்டுக்கொள்ளும். அதை எடுத்துவிட்டுப் பேரீச்சையைப் போடுங்கள், கொஞ்ச நேரத்தில் அது உருண்டையாகத் திரண்டு மிக்சி பிளேடைப் பிடித்துக்கொண்டு உறுமும். அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நான் ஒருமுறை நிறுத்தாமல் விட்டு, மோட்டாரில் புகை வந்து, உருண்டையை விடச் செலவு அதிகமானது. அப்புறம் எல்லாவற்றையும் தட்டில் கொட்டிக் கையால் பிசைந்தால் ஐந்தாவது நிமிடம் நிறம் ஒன்றாகிவிடும். உதிர்ந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு ஸ்பூன் தெளிக்கலாம், ஆனால் தண்ணீர் பட்டால் நாலைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும், அதுவும் ஃபிரிட்ஜில் வைத்து.

நெல்லிக்காய் அளவில் 25 உருண்டை வரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒன்றில் சர்க்கரை சுமார் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், கலோரி 55 முதல் 60. மாமியார் எடுக்கும் நாலு உருண்டையில் நாலு டீஸ்பூன் சர்க்கரை. ஒன்று என்றால், அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து என்றால், அவருடைய டாக்டரிடம் தைரியமாகக் கேட்கலாம். எலுமிச்சை அளவுக்குப் பிடித்துவிட்டு "ஒன்றுதானே" என்று சொல்லக் கூடாது.

பேரீச்சை வாங்கும்போது இரண்டு விஷயம். பாக்கெட்டில் பொருள்கள் என்ற இடத்தில் 'பேரீச்சம்பழம்' என்ற ஒரு சொல்தான் இருக்க வேண்டும், குளுக்கோஸ் சிரப் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். உதிரியாக வாங்கினால் ஒன்றைப் பிளந்து கொட்டையைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளையாகக் கற்கண்டுத் துகள் மாதிரி இருந்தால் சர்க்கரை பூத்தது, பரவாயில்லை. கறுப்புப் பொடி இருந்தால் பூச்சியோ பூஞ்சையோ, வேண்டாம். முகமது அலி ரோடு பக்கம் 'கிமியா' என்று கேட்டால் ஈரானிலிருந்து வரும் கறுத்த, மெத்தென்ற பழம் பெட்டியாகத் தருவார்கள். மிக்சிக்குச் சிரமமே இருக்காது, ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வேர்க்கடலையில் சுருங்கியது, பூஞ்சை வாடை அடிப்பது எது இருந்தாலும் பொறுக்கி எறியுங்கள், வறுத்தாலும் பூஞ்சையின் நஞ்சு முழுசாகப் போகாது.

கேள்வி: வீடியோவில் பார்த்தபடி தேங்காய் எண்ணெயும் கோகோ பவுடரும் தேனும் கலந்து அச்சில் ஊற்றி உறைய வைத்தேன். ஃபிரிட்ஜில் அழகான சாக்லேட். மேசையில் வைத்த பத்து நிமிடத்தில் குழம்பு. எண்ணெய் கலப்படமா? (தாராவி வாசகர்)

பதில்: எண்ணெய் சுத்தமாகத்தான் இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். மும்பையில் அது பாட்டிலுக்குள் உறைந்து நின்று பார்ப்பது குளிர்கால விடியற்காலைகளில்தான். அந்த வீடியோ எடுத்த ஊரில் அறையே குளிர்ந்திருக்கும், உங்கள் அறை மே மாதத்தில் 30-க்கு மேல். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சாப்பிடுவதானால் செய்யலாம், டிபன் டப்பாவில் வைத்து அனுப்ப ஆகாது.

வெளியே நிற்க வேண்டுமென்றால் மேலே சொன்ன உருண்டைதான் சரி, அதில் உருகுவதற்கு ஒன்றும் இல்லை. மேலே சாக்லேட் பூச்சு வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் நல்ல டார்க் 50 கிராம் போதும். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு உருக்குங்கள். கிண்ணத்துக்குள் ஒரு சொட்டு நீராவி விழுந்தாலும் சாக்லேட் சட்டென்று திரிந்து மணல் மாதிரி ஆகிவிடும். அப்படி ஆனால் கொட்டிவிடாதீர்கள். சூடான பாலை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக் கலக்கினால் மறுபடி வழுவழுப்பாகும். பூச்சுக்கு உதவாது, ரொட்டியில் தடவிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜில் வைத்த சாக்லேட்டின் மேல் சாம்பல் பூத்தது மாதிரி வந்தால் அது பூஞ்சை அல்ல, கொழுப்போ சர்க்கரையோ மேலே வந்திருக்கிறது, சாப்பிடலாம்.

கேள்வி: 'நோ ஆடட் ஷுகர்' சாக்லேட் வாங்கி உருக்கிப் பருப்பு கலந்து செய்தேன். வீட்டில் எல்லோருக்கும் வயிறு போய்விட்டது. புகார் செய்யலாமா? (சயான்)

பதில்: பின்பக்கத்தில் 'மால்டிடால்' அல்லது 965 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாக்கெட்டிலேயே, இது பேதியாக்கலாம் என்ற எச்சரிக்கையும் அச்சடித்திருக்கும். எச்சரிக்கை இல்லை என்றால் தாராளமாகப் புகார் செய்யுங்கள். இன்னொன்று: மால்டிடாலும் இரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், கலோரியும் சர்க்கரையில் பாதிக்கு மேல் உண்டு. 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்பதும் 'சர்க்கரை இல்லை' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்ல 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது.

கேள்வி: ஆன்லைனில் 'கோகோ பவுடர்' என்று ஆர்டர் செய்தேன். வந்தது பாலில் கலக்கிக் குடிக்கும் சாக்லேட் பொடி. உணவுப் பொருள் என்பதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள். (முலுண்டு)

பதில்: பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு, சொன்னது வராததால் திருப்புவது வேறு. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கத்தின் படம், ரசீது, வந்த டப்பாவின் பின்பக்கம் மூன்றையும் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள், பக்கத்தை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். முதலில் அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பெரும்பாலும் அதோடு முடியும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு டப்பா கோகோவுக்காக அவ்வளவு தூரம் நடக்கச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

அடுத்த முறை சத்துப் பட்டியலில் சர்க்கரை வரியை மட்டும் பாருங்கள். கோகோ பவுடரில் அது 100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம், குடிக்கும் பொடியில் பாதிக்கு மேல். கோகோவிலேயே ரொம்பக் கறுப்பாக இருப்பது சமையல் சோடா மாதிரியான காரப் பொருள் சேர்த்துப் பக்குவம் செய்தது, பின்பக்கத்தில் 500 அல்லது 501 என்ற எண் இருக்கும். கசப்பு குறைவு, ஆனால் கோகோவில் நல்லது என்று சொல்லப்படும் சத்தும் குறைவு. வெளிர் பழுப்பாக, லேசாகப் புளிப்பது எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: நான் செய்யும் உருண்டையை எங்கள் சொசைட்டியில் எல்லோரும் கேட்கிறார்கள். விற்கலாமா? (அந்தேரி)

பதில்: விற்கலாம். வீட்டுச் சமையலறை என்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும், அவர்களுடைய ஃபாஸ்காஸ் தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம், ஏஜெண்ட் தேவையில்லை. டப்பாவின் மேல் பதிவு எண், செய்த தேதி, எடை, பொருள்களின் பெயர் எல்லாம் ஒட்டுங்கள், வேர்க்கடலை இருக்கிறது என்பதைத் தனியாக, கொட்டை எழுத்தில். ஒவ்வாமை உள்ள குழந்தை எந்த மாடியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

சுகர் ஃப்ரீ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பேரீச்சை போட்டிருக்கிறீர்கள்.