வாசகர் கேள்வி – பதில்: டகோட்டாவின் என்ஜினை ஸ்டார்ட் செய்வது எப்படி?

கேள்வி: 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் சேவையை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு ஒரு டகோட்டா (டிசி-3 வகை) விமானத்தில் நடத்தியது என்று படித்தேன். அதே பாதையில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற கணினி விளையாட்டில் உள்ள டிசி-3 விமானத்தை ஓட்டிப் பார்க்க ஆசை. கன்ட்ரோல், இ விசைகளைச் சேர்த்து அழுத்தித் தானாக ஸ்டார்ட் செய்ய மனம் ஒப்பவில்லை. காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை மாற்றும் மிக்ஸ்சர் லீவரை ரிச் (பெட்ரோல் மிகுந்த) நிலைக்குத் தள்ளிவிட்டு நானாக ஸ்டார்ட் செய்தால், என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மிக்ஸ்சர் லீவரில்தான் தவறுகிறீர்கள். செஸ்னா போன்ற சிறிய பயிற்சி விமானங்களில் பழகியவர்கள் பலருக்கும், முதலில் ரிச், பிறகு ஸ்டார்ட்டர் என்ற வரிசை கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டகோட்டாவில் இருப்பது பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 என்ஜின். இரண்டு வரிசைகளில் 14 சிலிண்டர்கள், ஏறத்தாழ 30 லிட்டர் கொள்ளளவு, 1,200 குதிரைத்திறன். இதன் கார்புரெட்டர் அழுத்தத்தால் இயங்குவது என்பதால், பெட்ரோலை அழுத்தித் தள்ளும் பூஸ்டர் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது மிக்ஸ்சரைத் திறந்துவிட்டால், என்ஜின் சுழலாமல் நின்றிருந்தாலும் பெட்ரோல் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். உண்மையான விமானத்தில் இது என்ஜினை மூழ்கடிப்பதோடு நிற்பதில்லை. தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

ஆகவே மிக்ஸ்சரை ஐடில் கட்-ஆஃப் (பெட்ரோலை அடைக்கும்) நிலையிலேயே விட்டுவிடுங்கள். பிரேக்கைப் போட்டு, பேட்டரியை இணைத்து, எரிபொருள் தேர்வியை மெயின் டேங்கில் வைத்து, என்ஜினைக் குளிர்விக்கும் காற்றுக்கான கௌல் ஃப்ளாப் மடல்களைத் திறந்து, ப்ரொப்பெல்லர் லீவரை முழுவதும் முன்னே தள்ளி, த்ராட்டிலை அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை மட்டும் திறந்தால் ஏற்பாடு முடிந்தது. அடுத்து பூஸ்டர் பம்பைப் போட்டு எரிபொருள் அழுத்தம் ஏறுவதைப் பார்த்த பிறகு, ஸ்டார்ட்டரை அழுத்தி, சன்னல் வழியே ப்ரொப்பெல்லர் இதழ்களை எண்ணுங்கள். சில இதழ்கள் தடையின்றிக் கடந்த பிறகு தீப்பொறி தரும் மேக்னெட்டோக்களின் சுவிட்சை இரண்டும் இயங்கும் நிலைக்குத் திருப்பி, என்ஜினுக்குள் நேராகப் பெட்ரோல் தெளிக்கும் பிரைமரை இடைவெளி விட்டு விட்டு அழுத்துங்கள். முதலில் ஒரு சிலிண்டர் மட்டும் வெடிக்கும், வெண்ணீலப் புகை இறக்கையின் மேல் உருளும், இன்னும் இரண்டு மூன்று சிலிண்டர்கள் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் என்ஜின் ஓடுவது பிரைமர் தெளித்த பெட்ரோலில்தான். அது தீர்ந்துபோவதற்குள் மிக்ஸ்சரை ஆட்டோ ரிச் நிலைக்கு நகர்த்த வேண்டும். ஓட்டம் சீராகும்வரை பிரைமரை இடையிடையே தொட்டுக்கொண்டிருக்கலாம். மிக்ஸ்சரை மவுஸால் பிடித்து இழுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தாமதித்துவிடுகிறார்கள் என்பதால், அதற்கென்று ஒரு விசையையோ லீவரையோ ஒதுக்கிவிடுவது நல்லது.

என்ஜின் பிடித்ததும் த்ராட்டிலை வேகமாகத் தள்ளாதீர்கள்; கலவை மெலிந்து கார்புரெட்டர் பக்கமாகத் திருப்பி வெடிக்கும். 30 வினாடிகளுக்குள் ஆயில் அழுத்தம் ஏறவில்லையென்றால் உடனே நிறுத்திவிடுங்கள். ஏறிவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 1,000 சுழற்சியில் ஓடவிட்டு, ஆயில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: பழைய படச்சுருள்களில் ஆட்கள் புறப்படுவதற்கு முன் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுகிறார்களே, அது என்ஜினைச் சூடாக்குவதற்கா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. டகோட்டாவில் இருப்பதுபோல் சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய என்ஜினில், அவற்றில் சில தலைகீழாகத் தொங்குகின்றன. விமானம் இரவு முழுவதும் நின்றிருக்கும்போது, ஆயில் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசிந்து, அந்தக் கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். காற்றை அழுத்த முடியும், ஆயிலை அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட்டர் வலுக்கட்டாயமாகச் சுழற்றினால், பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளையும்; அன்றைக்குத் தெரியாமல் போய், பிறகு வானத்தில் ஒடிந்தாலும் ஒடியலாம். அதனால்தான் மேக்னெட்டோவை அணைத்துவிட்டுக் கையால் சுற்றுகிறார்கள். கைக்கு விறைப்பாக ஓர் இடத்தில் தடுத்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடித்துவிடுவதுதான் முறை. பின்னோக்கிச் சுற்றினால் ஆயில் உட்கொள் குழாய்க்குள் போய், ஸ்டார்ட் செய்யும்போது மறுபடியும் சிலிண்டருக்கே வந்துவிடும்.

எத்தனை இதழ்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. டகோட்டாவில் பரவலாகப் பயன்பட்ட ஆர்-1830-92 வகை என்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு 16 முறை சுற்றினால் ப்ரொப்பெல்லர் 9 முறை சுற்றும். எல்லாச் சிலிண்டர்களும் ஒரு முறை அழுத்தத்தைக் கடக்கக் கிராங்க் இரண்டு சுற்று வர வேண்டும் என்பதால், மூன்று இதழ்கள் கொண்ட ப்ரொப்பெல்லரில் குறைந்தது நான்கு இதழ்களாவது கடந்தாக வேண்டும். பல சிமுலேட்டர் விமானங்கள் ஆயில் தேங்கும் இந்தக் கோளாறைக் காட்டுவதே இல்லை. இருந்தாலும் ஸ்டார்ட்டரில் இதழ்களை எண்ணும் பழக்கத்தை நான் கைவிடச் சொல்லமாட்டேன்.

கேள்வி: டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தில் ஸ்டார்ட்டர் பொத்தானையே காணவில்லையே?
– ஒரு வாசகர், கோவை

பதில்: அந்த விமானத்தில் பொதுவாக ஸ்டார்ட்டரே கிடையாது. கிக்கர் உதைத்துப் பழைய புல்லட்டை எழுப்பியவர்களுக்கு இது எளிதில் புரியும். முதலில் கார்புரெட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டும்வரை அதை நிரப்புவார்கள். காக்பிட்டுக்கு வெளியே, தரையில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும் மேக்னெட்டோ சுவிட்சுகளை அணைத்துவைத்து, நான்கு இதழ்கள் சுற்றிக் கலவையை உள்ளே இழுப்பார்கள். பிறகு சுவிட்சைப் போட்டு, த்ராட்டிலைச் சற்றே திறந்து, இதழை ஒரே வீச்சில் கீழ்நோக்கி இழுத்தால், மேக்னெட்டோவின் இம்பல்ஸ் கப்ளிங் ‘டக்’ என்று சொடுக்கித் தீப்பொறியைத் தாமதமாகவும் வலுவாகவும் தரும்; மெதுவாகச் சுழலும் என்ஜினுக்கு அது போதும். சிமுலேட்டரில் ப்ரொப்பெல்லரை மவுஸால் சொடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சொடுக்குவதற்கு முன் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.