பலாலியிலிருந்து ட்ரொம்சோ ஒன்பது மணித்தியாலமா?

கேள்வி: நோர்வேயின் வடக்கில், ட்ரொம்சோவில் இருக்கிற அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு அம்மாவைத் தனியாக அனுப்பப் போகிறேன். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் ட்ரொம்சோவுக்கும் 7,900 கிலோமீற்றர், ஒன்பது மணித்தியாலம் சொச்சம் என்று இணையத்தில் இருக்கிறது. முகவர் காட்டுவதோ கொழும்புக்குக் கிட்ட இருக்கிற கட்டுநாயக்கா விமான நிலையத்தால் போகிற பதினேழரை மணித்தியால ரிக்கற். பலாலியால் போனால் சுருக்கம்தானே? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: முகவர் உங்களை ஏமாற்றவில்லை. இணையத்தில் இருக்கிற கணக்கும் பிழையில்லை, ஆனால் அந்தப் பாதையில் பறக்க விமானம்தான் இல்லை.

அந்த 7,900 என்பது உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்து அளந்த தூரம். அதை ஜெட் விமானத்தின் வேகத்தால் பிரித்து, ஏற இறங்க அரை மணித்தியாலம் கூட்டினால் உங்கள் ஒன்பது சொச்சம் வந்துவிடும். அந்த நூல் எதற்கு மேலால் போகிறது தெரியுமோ? தமிழ்நாடு, மகாராஷ்டிரா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா, பிறகு ரஷ்யாவின் வடமேற்கு. 2022 இலிருந்து ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்பரப்பே மூடிக் கிடக்கிறது. அதை விடுங்கள், பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் பறப்பது எழுபது சொச்சம் பேர் ஏறுகிற, இறக்கையில் காற்றாடி சுழல்கிற ஏ.டி.ஆர். 72, அதை வைத்துக்கொண்டு மத்திய ஆசியாவுக்கே போய்ச் சேர முடியாது.

பலாலி உங்களுக்குக் கிட்டத்தான், 80 கிலோமீற்றர் அளவு, ஆனையிறவு தாண்டினால் வந்த மாதிரித்தான். சென்னையும் அங்கிருந்து ஏறக்குறைய 355 கிலோமீற்றர்தான். சிக்கல் சென்னையில் இறங்கிய பிறகு. இரண்டு ரிக்கற்றையும் தனித்தனியாக வாங்கினால் அம்மா அங்கே பொதியை எடுத்து, திரும்பப் போட்டுத்தான் அடுத்த விமானம் ஏற வேண்டிவரும், பொதியை எடுக்கக் குடிவரவைத் தாண்ட வேண்டும், அதைத் தாண்ட இந்திய விசா வேண்டும். பலாலி விமானம் பிந்தி, மற்றது போய்விட்டால் அந்தக் காசும் போச்சு. தனியாகப் போகிற அம்மாவுக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன்.

கட்டுநாயக்காவால் போகிற கணக்கைப் பாருங்கள். கத்தாரின் டோகாவுக்கு 3,600 கிலோமீற்றர், அங்கிருந்து ஒஸ்லோ கிட்டத்தட்ட 4,960, ஒஸ்லோவிலிருந்து ட்ரொம்சோ இன்னும் 1,100 சொச்சம். (நோர்வேக்குள்ளேயே அவ்வளவு தூரம், ஒஸ்லோவில் இறங்கினால் அக்கா வீடு வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.) கூட்டினால் 9,700 அளவில் வருகிறது. வானில் இருக்கிற நேரம் மட்டும் பதின்மூன்று பதினான்கு மணித்தியாலம், இடையில் காத்திருப்பு வேறு. முகவர் சொன்ன பதினேழரை உண்மையில் நல்ல இணைப்புத்தான்.

ரிக்கற்றில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். காலை 10 மணிக்கு ஏறி அன்றிரவு 11 மணிக்கு ட்ரொம்சோவில் இறங்குவதாகப் போட்டிருந்தால் பதின்மூன்று மணித்தியாலம் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். குளிர்காலத்தில் நோர்வே எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னால், கோடையில் மூன்றரை. மாத்திரை போடுகிறவர் என்றால் ஊர் நேரத்துக்கே ஒரு மணிக்கூட்டை வைத்திருக்கட்டும்.

அதோடு கட்டுநாயக்கா வரைக்கும் வாகனத்தில் போகிற நேரம் வேறு. கிளிநொச்சியிலிருந்து அனுராதபுரம், புத்தளம் வழியாக 300 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, சிலாபத்தில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டினால் ஏழு மணித்தியாலம் பிடிக்கும். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும் என்பதால், 10 மணி விமானத்துக்கு நள்ளிரவிலேயே வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும்.

ரிக்கற்றை ட்ரொம்சோ வரைக்கும் ஒரே பதிவில் போடச் சொல்லுங்கள், ஒஸ்லோவில் ஆகக் குறைந்தது இரண்டரை மணித்தியாலம் இடைவெளி இருக்கட்டும், ஏனென்றால் குடிவரவு வரிசை அங்கேதான். சக்கர நாற்காலி உதவிக்கும் அப்போதே எழுதச் சொல்லுங்கள், அதற்குக் காசில்லை, அம்மா நன்றாக நடக்கிறவராக இருந்தாலும் வாசல் தேடி அலைய வேண்டியதில்லை.