கம்பெனி கைவிட்ட பைக்கைப் பழையதாக வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகிந்திரா செஞ்சுரோ, 2014 மாடல், 41,000 கி.மீ. ஓடியது. பக்கத்துத் தெருக்காரர் 13,000 ரூபாய் சொல்கிறார். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. எங்கள் மெக்கானிக்கோ, "இதுக்கு ஸ்பேர்ஸ் கிடைக்காது, வேண்டாம்" என்கிறார். வாங்கலாமா? (தாராபுரம்)

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வது பாதி சரி. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் முடிவு எடுத்துவிடலாம்.

கைனடிக் மோட்டாரின் இருசக்கர வாகனத் தொழிலை மகிந்திரா 2008-ல் வாங்கியது. 2013-ல் செஞ்சுரோ வந்தது; 106.7 சிசி, நான்கு கியர். பிறகு இந்த வகை வண்டிகளையே அந்தக் கம்பெனி விட்டுவிட்டது. இப்படி நின்றுபோன மாடலை விலை பேசும்போது வண்டியை மனசுக்குள் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பங்கு, எந்த ஊர்க் கடையிலும் கிடைப்பவை. வீல் பேரிங்கின் ஓரத்தில் 6202, 6301 என்பதுபோல் எண் இருக்கும்; அந்த எண்ணைச் சொன்னால் போதும், வண்டிப் பெயரே வேண்டாம். ஆயில் சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சடித்திருக்கும். பல்பு, பிளக், பேட்டரி, டயர், டியூப் எல்லாம் பொது அளவுகள்தான். கேபிளையும் பிரேக் ஷூவையும் பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்கலாம். இவை தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வண்டியை வேண்டாம் என்று சொல்ல இது காரணமில்லை.

இரண்டாவது பங்கு, அந்தக் கம்பெனி மட்டுமே செய்தவை: சி.டி.ஐ. (பிளக்கின் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பாகம்), ஒயரிங் செட், மீட்டர், சாவி செட், மேக்னெட் காயில் (என்ஜினுக்குள் மின்சாரம் தயாரிக்கும் சுருள்), கியர் பற்சக்கரங்கள், சிலிண்டர் ஹெட், பெட்ரோல் டேங்க். இவற்றில் ஒன்று போனாலும் மாதக்கணக்கில் வண்டி திண்ணையில் நிற்கும். அதனால் உங்கள் சோதனை முழுக்க இந்தப் பட்டியலின் மேல்தான் இருக்க வேண்டும். பாலிஷ் போட்ட டேங்க்கைப் பார்த்து மயங்காதீர்கள்.

காலையில், அன்று அவர் வண்டியை எடுப்பதற்கு முன்பே போய்விடுங்கள். என்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆறின என்ஜின் சோக் போட்டு மூன்று நான்கு உதைக்குள் எழ வேண்டும். எழுந்ததும் சைலன்சரைப் பாருங்கள். முதல் சில நொடி மட்டும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல் போயிருக்கிறது, சின்ன வேலை. ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் (போர்) தேய்ந்துவிட்டன. என்ஜினிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் பிரீதர் குழாயைக் கழற்றி விரலை வைத்துப் பாருங்கள். புகையும் எண்ணெயும் குபுகுபுவென்று தள்ளினால் சந்தேகமே வேண்டாம்.

மேல்பக்கம் "டிக் டிக்" என்பது வால்வை இயக்கும் டேப்பட். அதன் இடைவெளியைச் சரிசெய்தால் அடங்கும். ஏற்றத்தில் இழுக்கும்போது அடியிலிருந்து "டொக் டொக்" என்று கனமாக வந்தால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு தேய்ந்திருக்கிறது. இதற்கு என்ஜினை இறக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். நின்றுபோன மாடலில் இந்த வேலையை விலைக்கு வாங்காதீர்கள்.

ஓட்டும்போது இரண்டாவது கியரில் நன்றாக முறுக்கி, சட்டென்று விடுங்கள், மறுபடி முறுக்குங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் பற்சக்கரத்தின் பிடிப்பல் மழுங்கியிருக்கிறது. அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். நான்காவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் முறுக்கும்போது சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. அதே மாதிரி பிளேட் கிடைக்காவிட்டாலும், பழைய பிளேட்டில் புது லைனிங் ஒட்டித் தருபவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள்.

அடுத்து மல்டிமீட்டரால் (வோல்ட் அளக்கும் கருவி) பாருங்கள். வண்டி நிற்கும்போது பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஓடும்போது கொஞ்சம் முறுக்கினால் 13.5-லிருந்து 14.8-க்குள் ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் ரெக்டிஃபையர் (காயிலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றும் பாகம்) அல்லது மேக்னெட் காயில் போயிருக்கிறது. ரெக்டிஃபையருக்கு வேறு வண்டியுடையதை வயர் பார்த்துப் பொருத்திவிடலாம். காயிலை மறுசுற்று போட ஆள் தேட வேண்டும்.

இத்தனையும் தேறினால் வாங்கலாம். 13,000 மட்டும் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியின் இதே வயது, இதே நிலை வண்டிக்கு உங்கள் ஊரில் என்ன விலையோ, அதில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். திரும்ப விற்கும்போது உங்களிடமும் அப்படித்தான் கேட்பார்கள்.

கேள்வி: அதே செஞ்சுரோதான். ஒரே சாவிதான் இருக்கிறது என்கிறார். இது பெரிய விஷயமா? (ஆம்பூர்)

பதில்: இந்த வண்டியில் பெரிய விஷயம். மடக்குச் சாவி, அதில் டார்ச், கூடவே திருட்டுத் தடுப்பு என்று சொல்லி விற்ற மாடல் இது. சாவியை வண்டி அடையாளம் கண்டால்தான் என்ஜின் எழும். தெருமுனையில் வெட்டித் தரும் டூப்ளிகேட் பூட்டைத் திறக்கும், அத்தோடு சரி. இருக்கும் ஒன்று தொலைந்தால் சாவி செட், எலக்ட்ரானிக் பெட்டி இரண்டையும் தேடி அலைய வேண்டியிருக்கும். இரண்டாவது சாவி எங்கே என்று விற்பவரை வீட்டில் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் இதே நிலையிலுள்ள வேறொரு வண்டியைப் பாருங்கள்.

கேள்வி: எல்.எம்.எல். ஃப்ரீடம், 2005 மாடல். 6,000 ரூபாய்க்குத் தருகிறார். ஆர்.சி. முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. "புதுப்பித்துக்கலாம், சுலபம்" என்கிறார். (கும்பகோணம்)

பதில்: சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2005 வண்டியின் முதல் 15 ஆண்டு 2020-லேயே முடிந்திருக்கும். அவர் சொல்லும் ஒன்றரை வருஷம் எந்தத் தேதியிலிருந்து என்பதை ஆர்.சி.யில் நீங்களே பாருங்கள். படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்ட வேண்டும். ஹாரன், இன்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாம் வேலை செய்ய வேண்டும். தாமதத்துக்குக் கட்டணம் உண்டு. பைக்குக்கு மாதம் 300 ரூபாய் என்பது மத்திய அரசின் 2021 அறிவிப்பு. 18 மாதம் என்றால் 5,400. கிட்டத்தட்ட வண்டி விலை! இதோடு புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி. கட்ட வேண்டிய மொத்தத் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சரியான வழி ஒன்றுதான்: விற்பவரே தன் பெயரில் புதுப்பித்துக் கொடுக்கட்டும், அந்தச் செலவை விலையில் சேர்த்துக்கொள்ளட்டும். அது அவ்வளவு சுலபமென்றால் அவரே செய்துவிடலாமே. கம்பெனியே மூடிப்போன வண்டி என்பதால் முதல் பதிலில் சொன்ன இரண்டாவது பங்கை இன்னும் கறாராகப் பாருங்கள்.

கேள்வி: உதிரிக்காக இன்னொரு பழுதான வண்டியையும் சேர்த்து வாங்கிப் போடலாமா? (ஓசூர்)

பதில்: நல்ல யோசனைதான், இடம் இருந்தால். ஓடாத வண்டியானாலும் சி.டி.ஐ., மீட்டர், காயில், சைடு கவர் நன்றாக இருந்தால் அதுவே உங்கள் சொந்த ஸ்பேர் கடை. அதே மாடல், அதே ஆண்டை ஒட்டியது என்று பார்த்து வாங்குங்கள். செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதற்கும் இல்லாததற்கும் ஒயரிங் மாறும்.

காகிதம் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். சேசிஸ் எண் ஹேண்டில் கழுத்துக் குழாயில் அடித்திருக்கும். துருவைத் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அரம் போட்ட தடமோ, எழுத்துகள் வரிசை தப்பி ஏறி இறங்கியோ இருந்தால் விலகிவிடுங்கள். பிரித்துப் போட்ட வண்டியின் பதிவை அதன் உரிமையாளர் ரத்து செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தனித்தனிப் பாகம்தான் வேண்டுமென்றால் சென்னையில் பழையதற்குப் புதுப்பேட்டை, புதியதற்கு ஜி.பி. ரோடு. பெயரைச் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். பழைய பாகத்தைக் கையில் காட்டுங்கள்.

கேள்வி: விற்பவர் பெயரில் ஆர்.சி. இல்லை. முந்தைய ஓனர் கையெழுத்துப் போட்ட படிவம் வைத்திருக்கிறார். மேலும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறது. (விருதுநகர்)

பதில்: ஆர்.சி.யில் இருப்பவரை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து வேண்டும்; கடன் நீக்கத்துக்குப் படிவம் 35-ம் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையின்மைக் கடிதமும் வேண்டும். சின்ன ஃபைனான்ஸ் கம்பெனிகள் சில மூடிப்போயிருக்கும். அந்தக் கடிதத்துக்கு அலைவது உங்கள் வேலையாக ஆகிவிடக் கூடாது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண் போட்டு அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: 12 வருஷ வண்டிக்கு முழு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா? (சேலம்)

பதில்: வேண்டாம். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி (2022 அறிவிப்பு). கூடவே உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். வண்டி போனால் 10,000 ரூபாய், ஆள் விழுந்தால் குடும்பமே நிற்கும்.

கேள்வி: சுசுகி ஹயாத்தேயும் நின்றுபோன மாடல்தானே? அதற்கும் இதே கதைதானா? (காரைக்குடி)

பதில்: இல்லை. மாடல் நின்றாலும் கம்பெனி இங்கே வண்டி விற்றுக்கொண்டிருக்கிறது, சர்வீஸ் மையம் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அங்கே போய் சி.டி.ஐ., கிளட்ச் பிளேட் செட், சிலிண்டர் கிட் மூன்றையும் பாக எண் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்கும் என்றால் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று குறித்து வாங்கிக்கொண்டு, அந்தச் சீட்டோடு விலை பேசப் போங்கள்.

கேள்வி: மீட்டரில் 18,000 கி.மீ.தான் காட்டுகிறது. நம்பலாமா? (திண்டிவனம்)

பதில்: மீட்டரை விட்டுவிட்டு பிரேக் பெடலின் மிதிபரப்பைப் பாருங்கள். வரிகள் மழுங்கி வழவழப்பாக இருந்தால் 18,000 அல்ல. பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்பக்கம் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி தெரியும் அளவுக்குச் செயின் எழும்பினால் செயினும் ஸ்பிராக்கெட்டும் தேய்ந்துவிட்டன. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். 2013 வண்டியில் 2019 டயர் இருந்து, அதுவும் வழுக்கையாகிவிட்டதென்றால், அந்த வண்டி எவ்வளவு ஓடியிருக்கும் என்று விற்பவரிடமே கேளுங்கள்.