வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: அமெரிக்கப் படிவமும் ஹாஸ்டல் அம்மையும்

கேள்வி: என் மகள் ஆகஸ்ட் 10 அன்று எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்புகிறாள். 2003இல் பிறந்தவள். சின்ன வயதில் எல்லாத் தடுப்பூசியும் போட்டிருக்கிறோம், அட்டையும் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் பல்கலைக்கழகப் படிவத்தில் எம்.எம்.ஆர். 2 தவணை, சின்னம்மை ஊசி, காசநோய்ப் பரிசோதனை என்று கேட்கிறார்கள். மறுபடி போட வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அட்டையை எடுத்து எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) என்ற எழுத்துகள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். 2003இல் அரசுத் திட்டத்தில் இருந்தது 9 மாதத்தில் போடும் ஒரே ஒரு தட்டம்மை ஊசிதான். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட ஊசியை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுப்பதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பணுக்கள் அந்த வயதில் ஊசியின் பலனைக் குறைத்துவிடும் என்பதே காரணம். 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் போட்டது எம்.ஆர். ஊசி. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் அது செல்லும். பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் கிடையாது. தனியார் குழந்தை மருத்துவரிடம் 15 மாதத்தில் எம்.எம்.ஆர். போட்டிருந்தால் அது ஒரு தவணை.

எத்தனை வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க் மாநிலச் சட்டம் தட்டம்மைக்கு 2 தவணையும், மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்றும் கேட்கிறது. சந்தேகம் இருந்தால் 2 தவணையும் போட்டுவிடுங்கள், கூடுதலாகப் போவதால் கெடுதல் இல்லை. ரத்தத்தில் எதிர்ப்பணு பார்க்கும் டைட்டர் டெஸ்டைப் பல இடங்களில் ஏற்பார்கள். ஆனால் ரிசல்ட் இரண்டுங்கெட்டானாக வந்தால் ஊசிதான் போட வேண்டும், அதற்குள் ஒரு வாரம் போயிருக்கும்.

பலர் சறுக்குவது நாள் கணக்கில்தான். எம்.எம்.ஆர். இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது 28 நாள் வேண்டும். சின்னம்மை ஊசிக்கும் (2 தவணை) அதே இடைவெளி. இரண்டும் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. ஒரே நாளில் இரண்டு கையில் போடலாம். அந்த நாள் தவறினால் 28 நாள் காத்திருக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் இதில் சிக்கும். எம்.எம்.ஆர். போட்ட பின் சில வாரங்களுக்கு அந்தப் பரிசோதனை தவறாக 'நெகட்டிவ்' காட்டக்கூடும். அதனால் முதல் நாளே அதற்கு ரத்தம் கொடுத்துவிட்டு, அதே நாளில் எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசிகளைப் போட்டுக்கொள்ளட்டும். 28 நாள் கழித்து இரண்டாம் தவணை. ஜூன் கடைசியில் தொடங்கினால் ஆகஸ்ட் 10க்குப் பதறாமல் முடியும். கர்ப்பமாக இருப்பவர்கள் இவ்விரண்டையும் போடக் கூடாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காசநோய்க்குக் கையில் குத்திப் பார்க்கும் மாண்டூ டெஸ்ட் வேண்டாம், 'இக்ரா' ரத்தப் பரிசோதனை கேளுங்கள். நம் பிள்ளைகளின் இடது தோளில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு இருக்கும். அந்த ஊசியாலேயே மாண்டூ பாசிட்டிவ் ஆகலாம், இக்ரா ஆகாது. இக்ரா பாசிட்டிவ் வந்தால் நோய் வந்துவிட்டது என்று பொருளல்ல, கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கலாம். மார்பு எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூளைக்காய்ச்சலுக்கான ஊசி (மெனிங்கோகாக்கஸ் கிருமியின் ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கானது) பெரும்பாலும் விடுதியில் தங்கும் இளையவர்களுக்குக் கேட்பார்கள். டெக்சாஸில் 22 வயதுக்குட்பட்ட புதிய மாணவர்கள் 5 ஆண்டுக்குள் போட்டிருக்க வேண்டும், அதுவும் வகுப்பு தொடங்க 10 நாள் முன்பாக.

இன்னொன்று. மருத்துவர் 10/07 என்று எழுதினால் நமக்கு ஜூலை 10, அங்கே அக்டோபர் 7. வராத தேதியில் போட்ட ஊசி என்று படிவம் திரும்பி வரும். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஊசியின் பெயர், தேதி, கையெழுத்து, பதிவு எண்ணுடன் முத்திரை வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரி விடுதியில் மூன்று மாணவிகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. செமஸ்டர் நெருங்குகிறது. எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிடலாமா?
– விடுதிக் காப்பாளர், திருநெல்வேலி

பதில்: பேருந்தில் அனுப்பாதீர்கள். சின்னம்மை காற்றில் பரவும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கர்ப்பிணி இருக்கலாம், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் இருக்கலாம். பெற்றோர் தனி வண்டியில் வந்து அழைத்துப் போனால் சரி. இல்லையென்றால் ஜன்னலும் தனிக் கழிப்பறையும் உள்ள அறை ஒன்றை ஒதுக்குங்கள். ஏற்கெனவே அம்மை வந்தவர் மட்டும் சாப்பாடு கொண்டு போகட்டும். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை வெளியே வரக் கூடாது. புதிதாக ஒரு கொப்புளம் இருந்தாலும் தனிமை முடியவில்லை.

கொப்புளம் தெரிவதற்கு 2 நாள் முன்பே தொற்று தொடங்கிவிடும். ஆகவே அறைத்தோழிகளுக்கு ஏற்கெனவே ஒட்டியிருக்கலாம். அம்மை வராதவர், ஊசி போடாதவர் பட்டியலை இன்றே எடுங்கள். நெருங்கிப் பழகி 3 நாளுக்குள் (அதிகபட்சம் 5) ஊசி போட்டால் நோய் வராமலோ லேசாகவோ போகும். ஒட்டியவருக்கு 10 முதல் 21 நாளுக்குள் வெளிப்படும் என்பதால், கடைசிக் கொப்புளத்துக்குப் பின் மூன்று வாரம் அமைதியாகக் கழிந்தால்தான் மூச்சுவிடலாம். பரீட்சைக்குத் தனி அறை இப்போதே கேட்டு வையுங்கள்.

வேப்பிலை படுக்கையில் இருக்கட்டும், அதனால் தீங்கில்லை. ஆனால் அதற்காக மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்களுக்கு இந்நோய் நுரையீரலைத் தாக்கக்கூடும். கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால்தான் நல்ல பலன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரினும் ஐபுப்ரூஃபனும் வேண்டாம். மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால் உடனே மருத்துவமனை.

கேள்வி: விடுதியில் மஞ்சள் காமாலை. தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் போட்டும் இரண்டு வாரமாகப் புதுப்புது ஆட்கள் விழுகிறார்கள். ஏன்?
– மாணவர், வேலூர்

பதில்: இது ஹெபடைட்டிஸ் ஏ (தண்ணீர், உணவு வழியே பரவும் கல்லீரல் தொற்று) என்றால், உடம்புக்குள் போய் வெளிப்பட 15 முதல் 50 நாள் ஆகும். இன்று விழுபவர் ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு குடித்த தண்ணீரால் விழுகிறார். பவுடர் வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

போடும் முறையைச் சரிபாருங்கள். நல்ல பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், 10,000 லிட்டர் தொட்டிக்கு 25 கிராம். வாளியில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். திறந்த மூட்டையில் குளோரின் போய்விடும். தொட்டிக்கு மிகத் தள்ளியிருக்கும் குழாயில் குளோரின் சோதனை கிட் வைத்துப் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் வர வேண்டும். ஆர்.ஓ. மெஷின் குளோரினை எடுத்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் சிறிய டேங்கை யாரும் கழுவுவதில்லை, முதலில் அதைத் திறந்து பாருங்கள். கழிவுநீர்க் குழாய் குடிநீர்க் குழாயை எங்கே ஒட்டி ஓடுகிறது என்பதும் முக்கியம். மெஸ்ஸில் பரிமாறுபவர் யாருக்காவது காமாலை இருந்தால், கண் மஞ்சளாகி ஒரு வாரம் ஆகும்வரை சமையலறைப் பக்கம் வர வேண்டாம்.