நீரும் நிலமும்: கேள்வி பதில்

கேள்வி: அமராவதி ஆற்றுப்படுகைக்கு, மழை நீர் மண், பயிர், ஆறு என்று எப்படிப் பிரிகிறது எனக் கணிக்கும் ஸ்வாட் என்ற கணினி மாடலை ஓட்டுகிறேன். மழையும் வெப்பநிலையும்தான் கையில் இருக்கின்றன என்பதால், மண்ணிலும் இலையிலும் இருந்து ஆவியாகிப் போகும் நீரை, அதாவது ஈ.டி.யை, ஹார்க்ரீவ்ஸ் முறையில் கணக்கிட்டேன். ஆற்றில் அளந்ததைவிட மாடல் அதிக நீர் காட்டுகிறது. மண்ணின் எந்த ஆழம் வரை நீர் ஆவியாகலாம் என்பதை மாடலில் தீர்மானிக்கும் எஸ்கோ என்ற எண்ணைக் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். குறைக்கலாமா?
- ஆராய்ச்சி மாணவர், கோவை

பதில்: இப்போதைக்கு எஸ்கோவில் கை வைக்காதீர்கள், தம்பி. அதைக் குறைத்தால் மண்ணின் கீழடுக்கிலிருந்தும் நீர் ஆவியாகும். வரைபடத்தில் மாடல் காட்டும் ஆற்று நீரின் கோடு கீழே இறங்கி, அளந்த கோட்டோடு பொருந்தியும் விடும். ஆனால் அந்த நீர் உண்மையில் எங்கே போனது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் ஆய்வேட்டை நம்பித் திட்டம் போடுபவருக்கும் தெரியாது.

முதலில் காற்றைப் பாருங்கள். 1985-இல் வந்த ஹார்க்ரீவ்ஸ் சூத்திரத்தில் வெப்பநிலையும் வெயிலும்தான் உண்டு, காற்றுக்கு இடமே இல்லை. நீங்களோ பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் உடுமலை, தாராபுரம் பக்கத்தைக் கணக்கிடுகிறீர்கள். அங்கே வரிசையாகக் காற்றாலை நிற்பதே ஆடிக் காற்றை நம்பித்தான்.

போட்டுப் பார்த்தேன். ஜூலையில் ஒரு நாள், அதிக வெப்பம் 32 டிகிரி, குறைந்தது 23 என்று வைத்துக்கொள்வோம். ஹார்க்ரீவ்ஸ் 4.7 மி.மீ. சொல்கிறது. அதே நாளில் ஈரப்பதம் 65 சதவீதம், காற்று நொடிக்கு 4 மீட்டர் என்று, காற்றையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் பென்மன்-மான்டீத் சூத்திரத்தில் கொடுத்தால் 5.5 வருகிறது. காற்றை 2 மீட்டராகக் குறைத்தால் மறுபடி 4.7தான்! ஆக, அந்த 0.8 மி.மீ. முழுக்கக் காற்றின் வேலை. ஒரு ஹெக்டேருக்கு ஒரே நாளில் 8,000 லிட்டர்.

எனவே பென்மன்-மான்டீத்துக்கு மாறுங்கள். அதற்கு வேண்டிய காற்று, ஈரப்பதம், கதிர்வீச்சுத் தரவுக்கு ஈரா-5 என்ற உலகளாவிய வானிலைத் தரவுத் தொகுப்பு உதவும். அதில் காற்று 10 மீட்டர் உயரத்துக்கானது, ஈ.டி. சூத்திரம் கேட்பது 2 மீட்டர் உயரத்தில். மாடலுக்கு வெளியே தனியாகக் கணக்கிட்டுப் பார்க்கும்போது அந்தக் காற்றின் வேகத்தை 0.75-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தென்னை. காற்றைச் சரிசெய்தால் கூடுவது ஈ.டி.யின் உச்ச வரம்புதான். மண்ணில் ஈரம் இருந்தால்தானே அது நிஜமாக ஆவியாகும்? மழை குறைந்த தாராபுரத்து மேட்டுக்காட்டில் அந்த 5.5-இல் பாதிகூடப் போகாத நாட்கள் நிறைய. உடுமலைத் தோப்புகளில் அப்படியில்லை. கிணற்று நீரும் சொட்டுநீரும் கோடையிலும் வேருக்கு ஈரம் கொடுக்கின்றன. உங்கள் நிலப்பயன்பாட்டு வரைபடம் அந்தத் தோப்புகளைக் காடு என்றோ மானாவாரி என்றோ வைத்திருந்தால், மாடலில் அவை கோடையில் காய்ந்து கிடக்கும். மாடலில் அவற்றுக்குப் பாசனத்தைப் போடுங்கள், அந்த நீர் நிலத்தடியிலிருந்து வருவதாகக் காட்டுங்கள். ஆற்றில் மிஞ்சியதாகத் தெரியும் நீரில் நல்ல பங்கு இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. அளவீட்டு நிலையம் அணைக்குக் கீழே என்றால் வாய்க்காலில் திறந்த நீரையும் கழிக்க வேண்டும்.

கணக்கைச் சரிபார்க்க, பக்கத்து வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஆவியாதல் தொட்டியின் பதிவேட்டைக் கேளுங்கள். காக்கை குடித்துவிடாதபடி கம்பிவலை போட்ட அந்த வட்டத் தொட்டியில் காலை எட்டரைக்கு நீர்மட்டம் பார்த்து, குறைந்ததை அளந்து ஊற்றுவார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன். வலை போட்ட தொட்டிக்கு 0.8-ஆல் பெருக்கி, மாதவாரியாக உங்கள் ஈ.டி.யோடு ஒப்பிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரண்டும் ஒட்டி வருகிறதா என்பதுதான் முக்கியம்.

இவ்வளவுக்குப் பிறகும் நீர் மிஞ்சினால், சரி, 0.95-இலிருந்து எஸ்கோவைக் கொஞ்சம் இறக்குங்கள். எவ்வளவு இறக்கினீர்கள், ஏன் என்று ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.