யொரூபா அரசர்களின் மூதாதையாகச் சொல்லப்படும் ஒடுடுவா வானத்திலிருந்து இறங்கினாரா, மக்காவிலிருந்து வந்தாரா? யொரூபா அரச மரபின் தொடக்கக் கதைகளில் எதை ஏற்பது?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஒடுடுவா கதை எது கையில் கிடைத்தாலும், அது எந்த அரண்மனையில் சொல்லப்பட்டது என்று முதலில் பாருங்கள். இன்றைய நைஜீரியாவிலுள்ள பழைய அரசுகளான இஃபே, ஓயோ, பெனின் மூன்றுமே அவரைத் தங்கள் கதைக்குள் வைத்திருக்கின்றன. யார் யாருக்குக் கீழே என்பதில்தான் தகராறு.

இஃபேயில் சொல்வது இது. எங்கும் தண்ணீராக இருந்த காலத்தில், நிலத்தை உண்டாக்கப் பரம்பொருள் ஒலோடுமாரே, ஒபடாலா என்ற தெய்வத்தை அனுப்புகிறார். நத்தை ஓட்டில் மண், ஐந்து விரல் சேவல், ஒரு பனங்கொட்டை, இறங்குவதற்குச் சங்கிலி. வழியில் ஒபடாலா கள் குடித்துத் தூங்கிவிட, ஒடுடுவா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கி மண்ணைக் கொட்டுகிறார். சேவல் கிளறிப் பரப்பிய இடம் இஃபே. இதை வெறும் படைப்புக் கதையாகப் படித்தால் பாதிதான் புரியும். ஒடுடுவாவுக்கு முன்பே அங்கே 13 குடியிருப்புகள் இருந்தன, அவற்றின் தலைவர் ஒபடாலாவை வென்றுதான் அவர் ஆட்சியைப் பிடித்தார் என்பதும் அதே ஊர் மரபுதான். ஒபடாலாவின் தோல்வியும் மீள்வரவும் இதாபா திருவிழாவில் சடங்காக நிகழ்த்தப்படுகின்றன. அவருடைய அடியார்கள் இன்றும் கள்ளைத் தொடுவதில்லை. ஆட்சியைப் பறிகொடுத்தவரைக் குடிகாரராகக் காட்டியது வென்றவர் தரப்பின் கைவரிசை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓயோ தரப்பு, சாமுவேல் ஜான்சன் என்ற யொரூபா பாதிரியார் 1897-இல் எழுதி முடித்து 1921-இல் அச்சான வரலாற்று நூலில் விரிவாக இருக்கிறது. அதில் ஒடுடுவாவின் சொத்து அவருடைய பேரப்பிள்ளைகளுக்குப் பிரிக்கப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். பெனின் அரசருக்குச் சோழிப் பணம், இலாவின் அரசர் ஒராங்குனுக்கு மனைவியர், மற்ற ஊர் அரசர்களில் சாபேக்கு மாடுகள், போப்போவுக்கு மணிகள், ஓவுவுக்கு ஆடைகள், கேட்டுவுக்குக் கிரீடங்கள். கடைக்குட்டி ஒரன்மியானுக்கு மிஞ்சியது நிலம் மட்டுமே. ஆனால் அண்ணன்மார் எல்லாரும் அந்த நிலத்தில்தானே குடியிருக்கிறார்கள்? ஆகவே அவருக்குக் குத்தகை கட்ட வேண்டும்! அந்த ஒரன்மியான்தான் ஓயோவின் முதல் அரசர். குதிரைப்படையை வைத்துச் சுற்றுவட்டாரம் முழுக்கத் திறை வாங்கிய ஓயோவுக்கு இதைவிடத் தோதான பத்திரம் கிடையாது. இஃபேயின் ஓனி அரசர்களையோ அந்நூல், ஒரன்மியான் கருவூலக் காவலுக்கு விட்டுப்போன ஆடிமு என்ற பணியாளின் வழிவந்தவர்கள் என்கிறது. ஆடிமு, பலியிடப்படவிருந்த ஒரு பெண்ணின் மகன். இஃபேக்குப் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மக்கா கதையும் அதே நூலில்தான் பிரபலமானது. லமுருடு அரசரின் மகன் ஒடுடுவா சிலை வணக்கத்துக்குத் திரும்புகிறார். பூசாரியின் மகன் பிரைமா சிலைகளை உடைத்துக் கோடரியைப் பெரிய சிலையில் மாட்டிவைக்கிறான். கலகம் மூள, ஒடுடுவா தப்பி 90 நாள் அலைந்து இஃபே வந்து சேர்கிறார். கோடரிப் பகுதி அப்படியே இஸ்லாமிய மரபின் இப்ராஹீம் கதை; லமுருடு, அதில் வரும் நிம்ரோது அரசர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வடக்கே சொகோட்டோ முஸ்லிம் அரசின் முகமது பெல்லோ, யொரூபாக்கள் நிம்ரோது குலத்தார் என்று எழுதியிருக்கிறார். வடக்கிலிருந்து இஸ்லாமோடு வந்த சரக்கு இது. ஜான்சனே மக்காவை நம்பவில்லை; அவர் மேல் எகிப்துப் பக்கம் தேடினார். அதற்கும் சான்று கிடையாது.

பெனினில் கதை தலைகீழாகிறது. பழைய வடிவத்தில், ஒகிசோ என்ற முந்தைய மரபு அரசர்கள் ஒழிந்தபின் மக்கள் இஃபேயிடம் அரசர் கேட்கிறார்கள். ஒடுடுவா அவர்களைச் சோதிக்க ஏழு பேன்களைக் கொடுத்து மூன்று ஆண்டு வளர்க்கச் சொல்கிறார். அவை கொழுத்துத் திரும்பி வந்ததும் ஒரன்மியானை அனுப்புகிறார். அவர் அங்கே நிலைக்காமல், மகன் எவேகாவை விட்டுவிட்டுக் கிளம்புகிறார். ஆனால் பெனின் அரசர் எரெடியாவுவா 2004-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், ஒடுடுவா என்பவரே நாடு கடத்தப்பட்ட பெனின் இளவரசர் எகலாதெர்ஹான் என்று எழுதினார். இஃபே தரப்பு கொதித்துப்போனது. யார் தகப்பன், யார் பிள்ளை என்பதே மாறிவிடுகிறதே!

இது வெறும் பெருமைச் சண்டை இல்லை. முகத்தை மறைக்கும் மணித்தொங்கல் வைத்த கிரீடம் அணிய, ஒடுடுவாவின் வழிவந்தவர் என்று நிரூபிக்க வேண்டும். 1903-இல் எபே ஊர்த் தலைவர் அப்படிப்பட்ட கிரீடம் அணியலாமா என்ற வழக்கில் கருத்துக் கேட்க, ஆங்கிலேய ஆளுநர் இஃபேயின் ஓனி முதலாம் ஒலுபுசேயை லேகோஸுக்கு வரவழைத்தார். கதை அன்று அரசாங்க ஆவணமாயிற்று.

பலர் சறுக்கும் இடம், ஒடுடுவாவின் வாரிசுகளின் எண்ணிக்கை. ஜான்சனிடம் ஏழு பேரப்பிள்ளைகள், வேறு பட்டியல்களில் 16 பேர். தலைமுறைக்கு இத்தனை ஆண்டு என்று பெருக்கி ஒடுடுவாவுக்குத் தேதி குறிக்காதீர்கள். பட்டியலில் பெயர் சேர்வதும் உதிர்வதும் சாதாரணம். காலத்துக்கு அகழாய்வைப் பாருங்கள். 1938-இல் இஃபேயில் கிடைத்த உலோகத் தலைகளைப் பொதுவாக 12 முதல் 15-ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள். ஒலோகுன் தோப்பில் இஃபேக்காரர்களே கண்ணாடி மணி செய்த தடயங்கள் உண்டு. கிரீட மணிகளுக்காக மற்ற ஊர்கள் இஃபேயை நாடியிருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல காரணம்.

இன்னொன்று: "யொரூபாக்கள் எல்லாரும் ஒடுடுவாவின் பிள்ளைகள்" என்பது பின்னால் வந்த விரிவு. பழைய கதைகள் முதன்மையாகப் பேசுவது முடிசூடிய வம்சங்களைப் பற்றி. 1877 முதல் 1893 வரை யொரூபாக்களுக்குள்ளேயே இபாதானும் எகிட்டி–இஜேஷா கூட்டணியும் போரிட்டன; அப்போது ஒரே இனம் என்ற பேச்சு யாரையும் தடுக்கவில்லை. ஒடுடுவாவின் பெயரை அரசியல் கொடியாக்கியது, யொரூபா அரசியல் தலைவர் ஒபாஃபெமி அவொலோவோ 1945-இல் லண்டனில் தொடங்கிய 'எக்பே ஒமோ ஒடுடுவா' (ஒடுடுவாவின் பிள்ளைகள்) சங்கம். 1948-இல் அதன் நைஜீரியத் தொடக்க விழாவுக்குத் தேர்ந்தெடுத்த ஊர், வேறெது, இஃபேதான்.